கரையைக் காத்த பனை

வற்றாத ஆறு எதுவும் பாயாத கோவில்பட்டிக் கரிசல் நிலத்தில், ஆற்றங்கரைக்கு ஈடாக ஊரைக் காத்து வந்தது கண்மாய்க் கரையே.

ஆனால், கரிசல் மண் கரைக்கு எளிதில் இசைவதன்று. கோடையில் சுருங்கி வெடிக்கும். மழையில் ஊறிப் பருக்கும். வெடிப்பின் வழியே புகும் நீர் கரையை உள்ளிருந்தே அரிக்கும். இதை அறிந்த நம் முன்னோர், அலை மோதும் உட்புறத்தில் கல் பதித்தனர். கரை நெடுகிலும் பனை வளர்த்தனர். பனையின் சல்லி வேர்கள் மண்ணை இறுகப் பற்றின. கோடையில் ஊரார் கூடி வண்டலை அள்ளிக் கரையைச் செப்பனிட்டனர். இதுவே குடிமராமத்து.

ஆங்கிலேய ஆட்சி 1858இல் இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. கரை உடையும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், மராமத்துக்கு வராதவரிடம் தண்டம் பெறவும் அது வழிசெய்தது. ஆயினும் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. பழைய முறையிலும் பாரம் எல்லாத் தோள்களிலும் சமமாக இறங்கவில்லை. ஒடுக்கப்பட்டோரே மிகுதியாகச் சுமந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021இல் அறிவித்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. அத்தகைய பெருமழையைப் பனை மட்டும் தாங்கிவிடாது. உறுதியான கலிங்கும் தூர்வாரிய வாய்க்காலும் வேண்டும். எனினும், கரையைப் பலப்படுத்துவதாகச் சொல்லி நிற்கும் பனைகளைப் பெயர்த்தெறிவது, மண்ணின் பிடியை நாமே தளர்த்துவதாகும்.

கூலியும் மதிப்பும் சமமாகப் பெறும் கைகளால் குடிமராமத்து நடைபெறட்டும். பனையை நிற்கவிட்டே கரை உயரட்டும்.