மஜ்லிஸில் வளர்ந்த எழுத்து

எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கல்வி தந்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஹிரா குகையில் முதன்முதலாக இறங்கிய வசனங்களில் எழுதுகோல் பேசப்படுகிறது. திருமறையின் 68-ஆம் அத்தியாயம் எழுதுகோலின் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது. அரபு எழுத்தணிக்கலையின் பெருமக்கள் தம் கலைக்கு வேராக இவ்விரு இடங்களையும் காட்டுவது வழக்கம். முதல் வஹீயில் எழுதுகோல் தனியே நிற்கவில்லை. கற்பித்தலோடு சேர்ந்து வருகிறது. இக்கலையின் ஆயிரமாண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்தச் சேர்க்கையே திறவுகோல் என்பது என் கருத்து. நம் எழுத்தணிக்கலை வட்டத்தின் தோற்றத்தையும் அதன் வாராந்தர அமர்வுகளையும் இம்மலரைக் கையில் எடுப்போர் அனைவரும் அறிவார்கள். ஆகவே மலர்க் குழுவினர் அன்புடன் இட்ட பணியை வேறு வகையில் நிறைவேற்ற விழைகிறேன். கூடி அமர்ந்து கற்பது இக்கலைக்குப் புறத்தே சேர்ந்த அலங்காரம் அன்று. எழுத்து தலைமுறை தாண்டி வந்ததே அதனால்தான். இதைச் சான்றுகளோடு நிறுவ முயல்கிறேன்.

எதிர்வாதத்திலிருந்தே தொடங்குவது முறை. பக்தாதின் அமைச்சராக இருந்த இப்னு முக்லா (இறப்பு 940) எழுத்துகளை அளவுக்குள் கொண்டுவந்தவர். நாணல் எழுதுகோலின் நுனியைத் தாளில் பதித்தால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல். அலிஃபின் உயரம் புள்ளிகளால் அளக்கப்படுகிறது. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து மற்ற எழுத்துகளின் வளைவுகள் பிறக்கின்றன. இப்படிக் கணக்காகவே வகுத்துவிட்ட பிறகு, ஒரு நல்ல நூலை வாங்கி வீட்டிலிருந்தே கற்கலாமே, ஆசிரியர் எதற்கு, சபை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வரலாறு தரும் பதில் வேறு. இப்னு முக்லாவின் கணக்குக்கு உயிர் கொடுத்தவர் இப்னுல் பவ்வாப் (இறப்பு 1022). ஹிஜ்ரி 391-இல் அவர் பக்தாதில் எழுதி முடித்த திருக்குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அவர் அந்த வழியைக் கற்றது இப்னு முக்லாவின் வழிவந்த மாணவர்களிடம் அமர்ந்துதான். அளவு கையில் இருந்தும் அளவை அறிந்த மனிதர்களைத் தேடிப் போனார். காரணம் எளிது. ஒரு நூனின் கிண்ணம் எத்தனை புள்ளி அகலம் என்பதை ஏடு சொல்லும். அந்தக் கிண்ணத்தின் அடிவளைவில் கை எங்கே தயங்கியது என்பதை இன்னொரு கண்தான் சொல்ல முடியும்.

உஸ்மானியர்களின் பாட முறை இதை முழுமையாகக் காட்டுகிறது. மாணவனின் முதல் பாடம் எழுத்துகூட அன்று. காரியத்தை எளிதாக்கி, கடினமாக்காமல், நன்மையாக முடித்துத் தருமாறு இறைவனை வேண்டும் சிறு துஆவின் வரி. அதை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். மாணவன் வாரம் முழுவதும் எழுதிப் பழகி, தேறியதாகத் தோன்றும் பிரதியை மறுவாரம் கொண்டுவந்து முன்வைப்பான். ஆசிரியர் பிழைபட்ட எழுத்தின் கீழேயே சரியான வடிவத்தை எழுதி, புள்ளிகளை இட்டு அளவைக் காட்டுவார். அந்த ஒரு வரியைக் கடக்கச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தாளுக்கு முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதும் இந்த அமர்வுகளில் பார்த்துப் படித்த பாடங்களே. அப்படி மெருகேறிய தாளில் மை ஊறாமல் மேலேயே நிற்கும். தவறிய இடத்தைத் துடைத்துத் திருத்தலாம். மைக்கான கரியோ பள்ளிவாசல் விளக்குகளின் புகையிலிருந்து வந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா பள்ளியில் விளக்குப் புகை ஒரே அறையில் போய்ச் சேரும்படி காற்றோட்டத்தை அமைத்திருந்தார்கள். அங்கே படிந்த கரியே மையாயிற்று. தொழுகைக்காக எரிந்த விளக்கு இறைவசனத்தின் மையாக மாறும் அந்த ஏற்பாட்டை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

பயிற்சி முடிந்தால் இஜாஸா. மாணவன் பழைய ஆசான் ஒருவரின் பலகையைப் பார்த்து எழுதிக் காட்ட, அதன் கீழே ஆசிரியர் தம் கையால் அனுமதி எழுதுவார். அதுவரை மாணவன் தன் எழுத்தில் பெயரைப் பொறிக்கக் கூடாது. அந்த அனுமதியும் பெரும்பாலும் மற்ற ஆசான்கள் கூடிய சபையில் வழங்கப்பட்டது; அவர்களும் ஒப்புதல் எழுதினார்கள். ஆக, ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமையே சபை தந்த உரிமை. இந்தச் சபை ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை: எஸ்மா இப்ரத் என்ற பெண்மணி பதின்ம வயதிலேயே இஜாஸா பெற்றவர், பெருமானாரின் திருத்தோற்றத்தை வருணிக்கும் ஹில்யா ஒன்றை 1795-இல் எழுதினார். ஏழைகளுக்கும் அதில் இடமிருந்தது: ஆசான் ஹாஃபிழ் உஸ்மான் (1642–1698) வாரத்தில் ஒரு நாளை வசதியுள்ளவர்களுக்கும் ஒரு நாளை ஏழைகளுக்கும் ஒதுக்கிக் கற்பித்தார் என்பதும், பாடத்துக்கு வர முடியாத மாணவனை வழியில் கண்டு தெருவோரத்திலேயே அமர்ந்து அவன் எழுத்தைத் திருத்தினார் என்பதும் அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உஸ்மானிய எழுத்தின் தந்தை எனப்படும் ஷெய்கு ஹம்துல்லாஹ் (1436–1520) தம் புதிய நடையைக் கண்டது கூட்டத்தில் அன்று, தனிமையில். சுல்தான் இரண்டாம் பாயஸீத் அரண்மனைக் கருவூலத்திலிருந்து பழைய ஆசான் யாகூத் அல் முஸ்தஃஸிமியின் பிரதிகளை எடுத்துக் கொடுக்க, அவர் ஒதுங்கியிருந்து அவற்றை ஆராய்ந்தார். மேதைமை தனிமையில் பிறக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படிப் பிழைக்கிறது? அதற்குச் சான்று அவருக்குப் பின்வந்த அஹ்மத் கரஹிஸாரி (இறப்பு 1556). யாகூத்தின் வழியிலேயே நின்று வியக்கத்தக்க பலகைகளை எழுதியவர். வளர்ப்பு மகன் ஹஸன் செலபி போன்ற மாணவர்களும் அவருக்கு இருந்தார்கள். ஆயினும் அவர் வழி ஓரிரு தலைமுறைக்கு மேல் நீளவில்லை. ஹம்துல்லாஹ்வின் நடையோ மகன், மருமகன், மாணவர், மாணவரின் மாணவர் என்று கிளைத்து ஹாஃபிழ் உஸ்மான் வரை வந்தது. இருவரும் பெருங்கலைஞர்களே. எந்தக் கையைப் பின்பற்றுவது என்பதைத் தீர்த்தது, வாரந்தோறும் கூடிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்த மாணவர் கூட்டம். இம்முறை நகலெடுப்போரை மட்டுமே உண்டாக்கும் என்ற அச்சத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஹம்துல்லாஹ்வின் வழியில் தேறிய ஹாஃபிழ் உஸ்மான் தமக்கென்று ஒரு நடையைத் தந்தார். அந்த நடையை உள்வாங்கிய முஸ்தஃபா ராகிம் (இறப்பு 1826) பெரிய ஸுலுஸ் எழுத்தையும் சுல்தானின் துக்ரா எனும் எழுத்து முத்திரையையும் புதிதாக்கினார்.

1928-இல் துருக்கி அரசு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இம்மரபு முடிந்தது என்றே பலர் கருதினார்கள். 1914-இல் நிறுவப்பட்ட எழுத்தணிக் கலைஞர் மதரஸா பழைய வடிவில் நீடிக்கவில்லை, கலைஞர்களின் பிழைப்பு போயிற்று. தியார்பக்கிரில் பிறந்த ஹாமித் அய்தாச் (1891–1982) இஸ்தான்புல்லில் அச்சு வேலைகளால் வயிறு வளர்த்துக்கொண்டே, தேடி வந்தவர்களுக்குக் கற்பித்தார். கட்டடமும் அரசு ஆதரவும் இல்லாதபோதும் திருத்தும் கையும் திருத்தப்படும் தாளும் இருந்தன. ஈராக்கிலிருந்து வந்த ஹாஷிம் அல் பக்தாதி (இறப்பு 1973) அவரிடம் இஜாஸா பெற்றார். இப்னு முக்லாவின் ஊரில் தொடங்கிய கல்வி இஸ்தான்புல் வழியாக அதே ஊருக்குத் திரும்பிய கதை இது! ஹாமிதின் மாணவரான மற்றொரு ஹஸன் செலபியிடம் 1988-இல் இஜாஸா பெற்றவர் அமெரிக்கரான முஹம்மத் ஜகரிய்யா. இஸ்தான்புல்லின் இஸ்லாமியப் பண்பாட்டு ஆய்வு மையமான இர்சிகா 1986-இல் தன் முதல் அனைத்துலக எழுத்தணிப் போட்டியை ஹாமிதின் பெயராலேயே நடத்தியது. 2021-இல் யுனெஸ்கோ அரபு எழுத்தணிக்கலையையும், துருக்கியின் மரபைத் தனியாகவும், மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவையெல்லாம் தூரத்து நகரங்களின் செய்திகள், நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் அரபு எழுத்துக்குக் கூடுதல் புள்ளிகளிட்டுத் தமிழ் ஒலிகளை அதில் ஏற்றினார்கள்; மாப்பிள்ளை ஆலிம் போன்ற பெரியோர் அரபுத்தமிழில் நூல்கள் செய்தார்கள். நாணல் நம் மண்ணுக்குப் புதியதன்று.

வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் சட்டமிட்ட அழகிய பலகைகளைக் காட்சிக்கு வைக்கிறீர்கள், மகிழ்ச்சி. அவற்றோடு, மாணவர்களின் திருத்தப்பட்ட தாள்களையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். யார் யாரிடம் கற்றார் என்ற பதிவேட்டை இவ்வாண்டே தொடங்குங்கள். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாளை, ஹாஃபிழ் உஸ்மான் ஒதுக்கியதைப் போல, ஒதுக்குங்கள்.