கோட்டைப் படிப்பவர் யார்? செங்கல்பட்டு வட்டாரத்தில் நோய்ப் பரிசோதனை வீட்டுக்கு வந்த வரலாறு (1968–2022)

முன்னுரை

2021 மே 19 அன்று, வீட்டிலேயே செய்துகொள்ளும் கொரோனா பரிசோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. புனேயைச் சேர்ந்த மைலேப் டிஸ்கவரி சொல்யூஷன்ஸ் தயாரித்த ‘கோவிசெல்ஃப்’ என்ற அந்தக் கிட்டின் அன்றைய விலை 250 ரூபாய். அந்த நாட்களில் தமிழ்நாடு ஊரடங்கில் இருந்தது. மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் உத்தரவால் ஏப்ரல் 16 முதல் பூட்டப்பட்டிருந்தன. 2019 நவம்பர் 29-இல்தான் மீண்டும் தனி மாவட்டமான செங்கல்பட்டு, சென்னையை ஒட்டியிருந்ததால், தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது.

மருந்துக்கடையில் வாங்கி, மூக்கில் குச்சி விட்டு, பதினைந்து நிமிடத்தில் ‘ஒரு கோடா, ரெண்டு கோடா’ என்று வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கும் இந்தப் பழக்கம் திடீரென முளைத்ததன்று. பரிசோதனையைச் செய்பவர், முடிவைப் படிப்பவர், அதன் பொருளை விளக்குபவர் என மூன்று பொறுப்புகள் எந்தச் சோதனைக்கும் உண்டு. இவை ஆய்வகத்திலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து வீட்டுக்கும் எப்படி நகர்ந்தன என்பதைச் செங்கல்பட்டையும் அதன் கடற்கரையையும் மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. செய்வதும் படிப்பதும் வீடு வந்து சேர்ந்தன. விளக்குவது மட்டும் வழியிலேயே நின்றுவிட்டது என்பதே இதன் கருத்து.

1. மாதிரி பயணம் செய்த காலம்

கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிறுவனம் சென்னை மாகாணத்தின் நோயறிதல் மையமாக வளர்ந்தது. அன்று தொடங்கிய முறை எளியது: நோயாளி ஊரில் இருப்பார், அவருடைய சளியோ ரத்தமோ நகரத்துக்குப் பயணம் செய்யும். முடிவைப் படித்து, பொருள் சொல்லும் உரிமை ஆய்வகத்துக்கே உரியது.

இந்த முறைக்கு மாறாக, பரிசோதனையே மக்களைத் தேடி வந்த பெரிய நிகழ்வு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. 1968 முதல் 1971 வரை, இன்று பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் அடங்கும் பகுதியில், பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறியும் ஆய்வின் தொடக்கப் பணி நடந்தது. சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. அதோடு கைத்தோலில் டியூபர்குலின் மருந்தைச் செலுத்தி, சில நாள் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து குறித்தார்கள். ஆய்வின் முடிவு உலகத்தையே திகைக்கவைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தலுக்குப் பிறகு 1999-இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதிசெய்தது.

அந்த ஆய்வு கற்பித்த இன்னொரு பாடமே நமக்கு முக்கியம். இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் நிறைய உண்டு. அவற்றோடு பழகிய உடலும் தோல் சோதனையில் தடிப்புக் காட்டும். எனவே ஒரே அளவுத் தடிப்பு, குளிர்நாட்டு ஊர் ஒன்றில் ஒரு பொருளும் செங்கல்பட்டில் வேறு பொருளும் தரும். பரிசோதனை முடிவை அது செய்யப்பட்ட இடத்தின் நிலவரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதை, கொரோனாவுக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த மண் மெய்ப்பித்திருக்கிறது.

2. அட்டை பிறந்த கதை

கையடக்க அட்டைக்குப் பின்னால் மூன்று கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. 1971-இல், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிய உதவும் எலிசா முறை வந்தது. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டார்கள். 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1980-களின் இறுதியில், தாள்பட்டையில் நீர்மம் தானாக ஊர்ந்து சென்று கோடு காட்டும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை அந்த வழி வந்ததே. கொரோனா கிட் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இரண்டு கோட்டின் மொழியை நம் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

தொற்றுநோயில் இந்த மொழி நுழைந்த வரலாற்றிலும் தமிழ்நாட்டுக்கு இடமுண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு எலிசா முறையில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அப்போதும் பயணம் செய்தது மாதிரிதான். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பின்னாளில் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் இயங்கத் தொடங்கிய இடங்களில் விரைவு அட்டைகள் பயன்பாட்டுக்கு வந்தன.

நம்பிக்கை மையத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே அட்டைக்கு முன்னும் பின்னும் ஒரு ஆலோசகர் இருப்பார். சோதனை எதற்காக, கிருமி உடலில் நுழைந்து எத்தனை நாளில் அட்டைக்குத் தெரியும், இல்லை என்று வந்தால் மறுபடி எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் அவர் சொல்வார். ஒரே அட்டையை நம்பி நோய் உண்டென்று முடிவு சொல்வதும் இல்லை. வேறு வகை அட்டைகளால் உறுதிசெய்வார்கள். விரைவுச் சோதனையும் விளக்குபவரும் ஒன்றாக நின்ற காலம் அது.

3. 2020: தமிழ்நாடு எடுத்த முடிவு

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. ஓமனிலிருந்து திரும்பிய, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவர் அவர். மாதிரி மீண்டும் கிங் நிறுவனத்துக்கே போனது. மெல்ல மெல்ல மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களிலும் கிருமியின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை வசதி ஏற்பட்டது.

ஏப்ரலில் சீனாவிலிருந்து விரைவுக் கிட்டுகள் வந்தன. இவை கிருமியைத் தேடவில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதத்தை ரத்தத்தில் தேடின. அந்தப் புரதம் தோன்ற ஒரு வாரத்துக்கு மேலாகும் என்பதால், இன்று தொற்றியிருப்பவரைக் கண்டறிய அவை ஏற்றவை அல்ல. தரமும் ஏமாற்றியது. தொற்று உறுதியானவர்களிடம் அவற்றின் துல்லியம் 6 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடு வரை ஏறி இறங்கியதாகக் கூறிய ஐசிஎம்ஆர், ஏப்ரல் 21-இல் இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொன்னது. 27-இல் திருப்பி அனுப்பச் சொன்னது. தமிழ்நாடு பெற்றிருந்த 24,000 கிட்டுகளும் இந்தக் கதையில் அடக்கம்.

ஜூன் 14-இல் ஐசிஎம்ஆர் வேறொரு கிட்டைப் பரிந்துரைத்தது. எஸ்டி பயோசென்சர் நிறுவனத்தின் இந்த ஆன்டிஜென் சோதனை மூக்குச் சளியில் கிருமியின் புரதத்தையே தேடியது. இந்தியச் சோதனைகளில் அது தொற்றுள்ளவர்களில் 50.6 முதல் 84 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது, தொற்றில்லாதவர்களை 99.3 முதல் 100 விழுக்காடு வரை சரியாக விலக்கியது. இந்த எண்களிலிருந்தே ஒரு விதி பிறந்தது: உண்டு என்று வந்தால் உண்டு, இல்லை என்று வந்தும் அறிகுறி இருந்தால் ஆர்டி-பிசிஆர் செய்தாக வேண்டும்.

டெல்லி, பீகார் போன்ற மாநிலங்கள் ஆன்டிஜென் சோதனையைப் பெருமளவில் கைக்கொண்டன. தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது. இதற்கு ஒரு விலை இருந்தது: முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வேலைக்குப் போகலாமா என்று தெரியாமல் தவித்த தினக்கூலிகளும், வீட்டில் ஒதுங்க இடமில்லாத குப்பத்துக் குடும்பங்களும் அந்த விலையைத் தந்தார்கள். ஆயினும் ‘இல்லை’ என்ற முடிவை நம்பத்தக்கதாக வைத்திருந்தது இந்தக் கொள்கையின் பெரும் பயன். எதிர்பாராத பின்விளைவும் ஒன்று உண்டு. ஆன்டிஜென் அட்டை காட்டும் ‘இல்லை’யைச் சந்தேகிக்கப் பழகும் வாய்ப்பு தமிழ்நாட்டு மக்களுக்கு முகாம்களில் கிடைக்கவில்லை. ஆய்வகம் தந்த ‘நெகட்டிவ்’ என்ற சொல்லின் உறுதியை, பின்னால் அட்டை தந்த ‘நெகட்டிவ்’ மீதும் ஏற்றிப் பார்க்க இது வழிவிட்டது என்று கருத இடமுண்டு.

4. 2021–22: வீட்டுக் கூடத்தில்

மே 2021 அறிவுரையில் ஐசிஎம்ஆர் தெளிவாகவே இருந்தது. அறிகுறி உள்ளவர்களும், தொற்று உறுதியானவரோடு நெருங்கிப் பழகியவர்களும் மட்டுமே வீட்டில் சோதிக்கலாம். எல்லோரும் கண்டபடி சோதிக்க வேண்டாம். உண்டு என்றால் மறுசோதனை தேவையில்லை. அறிகுறியோடு இல்லை என்று வந்தால் உடனே ஆர்டி-பிசிஆர். அதன் முடிவு வரும்வரை தொற்று உள்ளவராகவே எண்ணித் தனித்திருக்க வேண்டும். அட்டையைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றவும் வேண்டும்.

ஒமைக்ரான் அலையில்தான் கிட் பெருவழக்கானது. 2021 முழுதும் சுமார் 3,000 வீட்டுச் சோதனைகளே பதிவாயின. 2022 ஜனவரியின் முதல் இருபது நாளில் சுமார் 2 லட்சம் பதிவாயின என்று ஐசிஎம்ஆர் கூறியது. செயலியில் ஏற்றாமல் குப்பைக்குப் போன அட்டைகள் இந்தக் கணக்கில் சேரா.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரோடு இதை ஒப்பிடலாம். அங்கே 2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வீடுதோறும் ஆறு கிட்டுகள் அஞ்சலில் வந்தன. அக்டோபரிலிருந்து மேலும் பத்து. ‘ஏஆர்டி’ (ஆன்டிஜென் விரைவுச் சோதனை) என்ற சொல் அங்குள்ள தமிழர் பேச்சில் கலந்தது. கிட் இலவசமாகவும் பலமுறையும் கிடைத்ததால், ஒரு முடிவை நம்பாமல் மறுபடி பார்க்கும் பழக்கம் வளர வாய்ப்பிருந்தது. நம் கடற்கரையில் 250 ரூபாய் சிறு செலவன்று. ஒரு கிட் வாங்கினால், அது சொன்னதே இறுதித் தீர்ப்பு.

5. ‘இல்லை’ என்பதன் பொருள்

அட்டையில் இரண்டு கோடுகளுக்கு இடமுண்டு: சரிபார்ப்புக்கு ‘சி’, தொற்றுக்கு ‘டி’. ‘சி’ கோடு நீர்மம் ஒழுங்காக ஓடியதைச் சொல்கிறது. குச்சி மூக்கில் சரியாகச் சுழற்றப்பட்டதா, போதிய சளி வந்ததா என்பதை அது சொல்லாது. வெறும் தண்ணீர் போன்ற மாதிரியும் ‘சி’ கோட்டைக் காட்டும். ஆகவே ‘சி’ மட்டும் தெரிந்தால், கிருமி இல்லை என்பதும் இருக்கலாம். குச்சியில் எதுவும் ஒட்டவில்லை என்பதும் இருக்கலாம். ‘சி’ கோடே இல்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது. ‘டி’ கோடு குறித்த நேரத்துக்குள் மங்கலாகத் தெரிந்தாலும் தொற்று உண்டு என்றே பொருள். குறித்த நேரம் கடந்து தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை.

எந்த நாளில் சோதிக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2021 மதிப்பீட்டில், அறிகுறி தோன்றிய முதல் வாரத்தில் ஆன்டிஜென் சோதனைகள் சராசரியாக 78.3 விழுக்காடு தொற்றுகளைக் கண்டறிந்தன. இரண்டாம் வாரத்தில் அது 51 ஆகக் குறைந்தது. அறிகுறி இல்லாதவர்களிடம் 58.1 மட்டுமே.

ஊர் நிலவரம் என்ன செய்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டலாம். தொற்றுள்ள நூறு பேரில் 60 பேரைக் கண்டுபிடித்து, தொற்றில்லாத நூறு பேரில் 99 பேரைச் சரியாக விலக்கும் கிட் ஒன்றை வைத்துக்கொள்வோம். அலை உச்சத்தில் காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 300 பேருக்குத் தொற்று என்றால், கிட் 180 பேரைப் பிடிக்கும், 120 பேரைத் தவறவிடும்; தொற்றில்லாத 700 பேரில் 7 பேரைத் தவறாகச் சுட்டும். ‘உண்டு’ என்ற 187 முடிவுகளில் 180 சரி. ‘இல்லை’ என்ற 813-இல் 120 தவறு, அதாவது ஏழில் ஒன்று.

அலை ஓய்ந்த காலத்தில், அறிகுறி இல்லாத 1,000 பேரில் 10 பேருக்கே தொற்று என்று கொள்வோம். கிட் 6 பேரைப் பிடிக்கும். தொற்றில்லாத சுமார் 10 பேரைத் தவறாகச் சுட்டும். இப்போது ‘உண்டு’ என்ற 16 முடிவுகளில் 10 தவறு. ‘இல்லை’ என்பதோ ஏறக்குறைய முழுதும் சரி. கிட் மாறவில்லை, ஊர் மாறியது, பொருளும் தலைகீழானது. டியூபர்குலின் தடிப்பு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கற்பித்ததும் இதையே.

கடற்கரைக்கே உரிய கவலையும் உண்டு. பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஓட்டு வீட்டு அலமாரியும், வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டியும் அதைத் தாண்டிவிடும். உப்புக்காற்றின் ஈரம் தாள்பட்டையைக் கெடுக்கக்கூடும் என்பதால் உறையைப் பிரித்ததும் சோதித்துவிடுவது நல்லது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். ஒன்று, விரைவுப் பரிசோதனை முடிவுக்கு நிலையான பொருள் இல்லை. நாள், அறிகுறி, ஊர் நிலவரம் மூன்றும் சேர்ந்தே அதற்குப் பொருள் தருகின்றன. இரண்டு, ஆர்டி-பிசிஆரை மட்டும் நம்பிய தமிழ்நாட்டின் 2020 முடிவு தன் காலத்தில் நியாயமானது; ஆனால் வீட்டுக் கிட் வந்தபோது மக்களை அதற்கு ஆயத்தப்படுத்தும் பணி மீதமிருந்தது. மூன்று, எச்ஐவி அட்டையோடு வந்த ஆலோசகர் கொரோனா அட்டையோடு வரவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளே அவர் இடத்தில் இருந்தது.

அந்த இடத்தை நிரப்ப ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊர் ஊராகப் போகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரை எல்லா வீடும் அறியும். மருந்துக்கடைக்காரரே கிட்டைக் கையில் கொடுப்பவர். அடுத்த சுவாசத் தொற்று வருமுன், இவர்கள் மூவரும் ஒரே ஒரு செய்தியைச் சொல்லப் பழகினால் போதும்: “காய்ச்சல் இருந்து ஒரு கோடுதான் வந்துச்சுன்னா, இல்லைன்னு எடுத்துக்காதீங்க. வீட்லயே தனியா இருங்க, ஆஸ்பத்திரியில டெஸ்ட் குடுங்க, பெரியவங்க பக்கத்துல போகாதீங்க.” கொரோனாக் காலத்தில் பெட்டிக்குள் தாளாகக் கிடந்த அறிவுரை, தெரிந்த ஒருவரின் குரலில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.