கொட்டகையில் தூங்கிய ஜிம்மி

ரெண்டாம் உலகப்போர்னா நமக்கு டாங்கி, விமானம், நார்மண்டி கடற்கரை இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். லாரியைப் பத்தி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா மக்களே? இந்தப் பதிவு முழுக்க ஒரு லாரியைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

லாரியோட பேரு ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருக்கில்ல? கம்பெனிக் குறியீடு அது. முதல் 'சி' 1941-ஆம் வருட வடிவம். அடுத்த 'சி' முன்னால மூக்கு நீட்டிய சாதாரண கேபின். 'கே' முன்சக்கரத்துக்கும் இழுவை உண்டு, 'டபிள்யூ' பின்னால ரெட்டை அச்சு. கரடுமுரடான பாதையில ரெண்டரை டன் சுமக்கும். சிப்பாய்கள் செல்லமா 'ஜிம்மி'ன்னு கூப்பிட்டாங்க. 1941-லேர்ந்து 1945 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. அதுல பெரும்பகுதி நான் படிக்கிற இதே மிச்சிகன் மாநிலத்துல, டெட்ராய்ட் பக்கத்துல இருக்கிற பான்டியாக் ஊர்ல செஞ்சது.

அப்படி 1943-ல செஞ்ச ஒண்ணு, எங்க பல்கலைக்கழகத்துலேர்ந்து அரைமணி தூரத்துல ஒரு பண்ணைக் கொட்டகையில 1987-லேர்ந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. போர் முடிஞ்சு ராணுவம் ஏலம் விட்டப்போ அந்தப் பண்ணைக்காரரோட அப்பா வாங்கினது. வைக்கோலும் உருளைக்கிழங்கும் ஏத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. "ஓட வைக்கணும், ஆள் வேணும்"னு பெரியவர் சொல்லியனுப்ப, முதுகலை மெக்கானிக்கல் படிக்கிற நானும் ரூம்மேட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை கிளம்பினோம்.

ரொம்ப நாள் நின்ன வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி உடனே சாவியைத் திருகறது கொலைக்குச் சமம். பிஸ்டன் வளையம் சிலிண்டரோட துருவால ஒட்டியிருக்கும். அதனால முதல்ல ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் துருவை ஊடுருவுற எண்ணெய் ஊத்தி ஒரு வாரம் சும்மா விட்டோம். அடுத்த வாரம் ராக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு வால்வும் மேலேயும் கீழேயும் போகுதான்னு பார்த்தோம். ஒரு வால்வு ஒட்டியிருந்தாலும் கம்பி வளைஞ்சிடும். அப்புறம் முன்னால கை கிராங்க் கம்பியைச் சொருகி, பிளக் இல்லாமலே மெதுவா சுத்தினோம். ரெண்டு பேர் தொங்கினதுக்கப்புறம் 'கிறீச்'னு ஒரு சத்தம், அரைச்சுற்று. அந்தச் சத்தம் எனக்கு இளையராஜா பிரிலூட் மாதிரி இருந்துச்சு, நிஜமா.

டேங்க்ல பழைய பெட்ரோல் வார்னிஷா மாறிப் பிசுபிசுன்னு இருந்துச்சு. பம்ப் டயாபிரம் அப்பளம் மாதிரி உடைஞ்சுது. ஏர் கிளீனருக்குள்ள எலி குடும்பமே நடத்தியிருக்கு. மின்சாரம் வேற 6 வோல்ட். இன்னிக்குக் கிடைக்கிற 12 வோல்ட் பேட்டரியை மாட்டினா பல்பு எல்லாம் போச்சு. பிரேக் வேலை மட்டும் ரெண்டு சனிக்கிழமையை முழுங்கிடுச்சு.

கார்புரேட்டரைக் கழட்டுறப்போதான் விஷயம் ஆரம்பிச்சுது. அதுக்கு அடியில கவர்னர்னு ஒரு சின்ன பாகம், வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்துறது. பெரியவர் அதைக் கையில எடுத்துக்கிட்டு, "பிரான்ஸ்ல பசங்க முதல்ல பிடுங்கிப் போட்டது இதைத்தான்"னார். எந்தப் பசங்க? அன்னிக்கு ராத்திரி நூலகத்துல உக்காந்து தேடினேன்.

1944 ஜூலைக் கடைசியில நேசநாட்டுப் படை நார்மண்டியிலேர்ந்து உடைச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. திட்டம் போட்டதைவிடப் பல மடங்கு வேகமா முன்னேறிச்சு. சாமானோ கடற்கரையிலும் ஷெர்பூர் துறைமுகத்துலயும் கிடக்கு. ஜெர்மன்காரன் பயன்படுத்தக்கூடாதுன்னு பிரெஞ்சு ரயில்பாதைகளை நேசநாட்டு விமானங்களே குண்டு போட்டு அழிச்சிருந்தாங்க. மிச்சம் இருந்தது லாரி மட்டும்தான். ஆகஸ்ட் 25, பாரீஸ் விடுதலையான அதே நாள், 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' ஆரம்பமாச்சு. ரெட் பால்னா அமெரிக்க ரயில்காரங்க பாஷையில அவசரச் சரக்கு. சான்-லோவிலேர்ந்து சார்த்ர் வரைக்கும் போக ஒரு ரோடு, வர ஒரு ரோடு. வேற வண்டி எதுக்கும் அனுமதி கிடையாது. ஆகஸ்ட் 29 ஒரே நாள்ல 5,958 வண்டிகள் 12,342 டன் சுமந்துச்சு. நவம்பர் 16-ல நிறுத்துற வரைக்கும், பன்னிரண்டு வாரத்துல 4 லட்சத்து 12 ஆயிரம் டன்னுக்கு மேல.

சட்டப்படி வேகம் மணிக்கு 25 மைல். அந்த வேகத்துல போனா முன்னணிக்கு பெட்ரோல் போய்ச் சேராது. அதனாலதான் டிரைவர்கள் கவர்னரைப் பிடுங்கினாங்க. ராத்திரியில பூனைக்கண் மாதிரி மினுங்குற விளக்கோட, தூக்கமில்லாம ஓட்டினாங்க.

யார் அந்த டிரைவர்கள்? முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்கள். அன்னிக்கு அமெரிக்க ராணுவத்துல வெள்ளைக்குத் தனிப் படை, கறுப்புக்குத் தனிப் படை. கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் துப்பாக்கி வேலை கிடையாது, சுமக்குற வேலை, சமைக்குற வேலை, ஓட்டுற வேலைதான். "போருக்கு லாயக்கில்லை"ன்னு ஒதுக்கின ஆளுங்க சுமந்த பெட்ரோல்லதான் ஜெனரல் பேட்டனோட டாங்கிகள் ஓடிச்சு.

இங்க இன்னொண்ணும் சொல்லியாகணும். எங்க ஜிம்மி செஞ்ச அதே 1943 ஜூன் மாசம், டெட்ராய்ட்ல பேக்கர்ட் ஆலையில மூணு கறுப்பினத் தொழிலாளிகளுக்குப் பதவி உயர்வு கொடுத்தாங்கன்னு 25,000 வெள்ளைக்காரத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினாங்க. போர் விமானத்துக்கு இன்ஜின் செய்ற ஆலை அது! அதே மாசம் 20-ந்தேதி வெடிச்ச இனக்கலவரத்துல 34 பேர் செத்தாங்க, அதுல 25 பேர் கறுப்பர்கள், அந்த 25-ல 17 பேர் போலீஸ் கையால. படையில இந்தப் பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட 1948 ஜூலை 26 வரைக்கும் ஆச்சு. 1952-ல 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்'னு ஹாலிவுட்ல படமே வந்துச்சு. நாயகன்? வெள்ளைக்கார அதிகாரி. சிட்னி பாய்ட்டியே அதுல துணைப் பாத்திரம்தான். நம்ம ஊர் சினிமாவுல யார் நாயகன், யார் வேலைக்காரன்னு யோசிச்சா இது ஒண்ணும் புதுசு இல்ல.

மே மாசம் நாலாவது சனிக்கிழமை, ஒரு கேன்ல பெட்ரோலைத் தூக்கிக் கட்டி நேரா கார்புரேட்டருக்குக் குழாய் விட்டோம். மூணாவது முயற்சியில இருமி, வெள்ளைப் புகை கக்கி, அப்புறம் ஆறு சிலிண்டரும் பிடிச்சுக்கிச்சு. ஆயில் பிரஷர் முள் ஏறுச்சு. பெரியவர் ஒண்ணும் பேசல, பானட்டைத் தடவிக்கிட்டே நின்னார்.

அப்புறம் ஒரு சின்ன வாக்குவாதம். ஊர்வலத்துக்கு ஓட்டிட்டுப் போக, பம்பர்ல ரெட் பால் சிவப்பு வட்டம் வரையணும்னு அவருக்கு ஆசை. பழைய லாரி வச்சிருக்கிறவங்க நிறைய பேர் அப்படி வரைஞ்சுக்கிறாங்க. "இந்த வண்டி பிரான்ஸுக்கே போகலையே"ன்னேன். "மரியாதைக்குத்தானே"ன்னார். "யாருக்கு மரியாதை? வட்டத்தைப் பாக்குறவனுக்கு அந்த டிரைவர்கள் யாருன்னு எப்படித் தெரியும்?"னு ரூம்மேட் கேட்டான். பெரியவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். கடைசியில வட்டம் வரையல. கதவுல ஒரு பலகை மாட்டினார்: தேதி, டன் கணக்கு, ஓட்டினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள், அவங்க நாடு திரும்பினப்பவும் பிரிவினை அப்படியே இருந்துச்சுங்கிற ஒரு வரி. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தது அவரேதான்.

கவர்னரைத் திரும்ப மாட்டினோமான்னு கேக்குறீங்களா? மாட்டியாச்சு. எண்பது வயசு வண்டிக்கு 25 மைல் போதும் :-)

உங்க வீட்டுலயும் பழைய லாரி, பஸ் ஓட்டின தாத்தா, மாமா யாராவது இருப்பாங்க. அவங்க கதையைக் கேட்டு எழுதுங்க மக்களே. வண்டியைக் கொட்டகையில எத்தனை வருஷம் வச்சாலும் எண்ணெய் ஊத்திக் கிளப்பிடலாம். ஆளுங்க விஷயத்துல அது நடக்காது.