படம் மட்டும் எடுங்க, கை வைக்காதீங்க

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் மணவாள நகர். இன்னொரு பக்கம் பழைய ஊரும் வீரராகவப் பெருமாள் கோவிலும். அந்தப் பெருமாளுக்கு ‘வைத்திய வீரராகவர்’னு பேரு. அமாவாசை அன்னிக்கு ஜனங்க வந்து கோவில் குளத்துல வெல்லத்தைப் போடுவாங்க. வெல்லம் கரையிற மாதிரி உடம்புல இருக்கிற நோயும் கரையணும்னு வேண்டுதல். கத்தி படாம நோய் போகணும்ங்கிற ஆசை ரொம்பப் பழசு. அந்த ஆசைக்கு நவீன மருத்துவம் கொடுத்த பதில்கள்ல ஒண்ணு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. இன்னிக்கு அதோட கதை. குறிப்பா, இந்த வித்தையை யார் யாருக்கு எப்படிக் கத்துக் கொடுத்தாங்க என்கிற கதை.

முதல்ல, இது என்ன? தொடையிலோ மணிக்கட்டிலோ ஒரு ஊசித் துளை. அது வழியா ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு கம்பி, அதுமேல ஒரு குழாய். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கிட்டே அதை வேண்டிய இடத்துக்கு ஓட்டிப் போறாங்க. அடைப்பு இருந்தா திறக்கலாம். ரத்தம் கொட்டுற இடமா இருந்தா அடைக்கலாம். ஈரல்ல கட்டின்னா மருந்தை நேரா அங்கேயே விடலாம்.

இதுல முதல் அடி எடுத்து வச்சவருக்குக் கத்துக் கொடுக்க ஆளே இல்லை. 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்கிற சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி கூடாதுன்னு சொல்லியும், தன் கை நரம்பு வழியா ஒரு குழாயை இதயம் வரைக்கும் தானே ஏத்திக்கிட்டார். அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்தார். பாராட்டு உடனே வரலை. நோபல் பரிசு கிடைச்சது 1956ல.

அடுத்து 1953. ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜிஸ்ட் ஸ்வென் செல்டிங்கர் ஒரு முறையை வெளியிட்டார். ஊசி உள்ளே, ஊசி வழியா கம்பி உள்ளே, ஊசி வெளியே, கம்பி மேல குழாய் உள்ளே. அவ்வளவுதான். எவ்வளவு எளிமை பாருங்க! அதனாலதான் இன்னிக்கும் இந்தத் துறைக்கு வர்ற ரெசிடென்ட் முதல்ல பழகுறது இதைத்தான்.

இப்போ கதையோட நாயகர். 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். 82 வயசு மூதாட்டி ஒருத்தருக்குக் கால்ல ரத்த ஓட்டம் அடைபட்டு விரல்கள் அழுகத் தொடங்கிடுச்சு. சர்ஜன்கள் காலை எடுக்கணும்னு சொன்னாங்க. அந்தம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. சரி, வேற வழியில்லைன்னு சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. அவர் ஒண்ணைவிட ஒண்ணு பருமனான குழாய்களைக் கம்பி மேல ஏத்தி, குறுகின தொடை ரத்தக்குழாயை அகலப்படுத்தினார். கால்ல சூடு திரும்பிச்சு, வலி போச்சு. அதுக்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல, சாகும்வரை அவர் சொந்தக் காலாலேயே நடந்தார்.

இதுக்கு ஊரே கொண்டாடியிருக்கணும் இல்லையா? நடந்தது வேற. ஒரு சர்ஜன் டாட்டருக்கு அனுப்பின சீட்டுல, படம் எடுத்தாப் போதும், சரிபண்ணப் பார்க்காதீங்க என்கிற பொருள்ல பெரிய எழுத்துல எழுதியிருந்தார். எனக்கு இந்தத் துறையோட மொத்த வரலாறும் அந்தச் சீட்டுக்குள்ள இருக்குன்னு தோணுது. வித்தை ரேடியாலஜிஸ்ட் கையில. நோயாளி வேற ஒருத்தர் கையில.

1967ல அலெக்சாண்டர் மார்குலிஸ் ஒரு தலையங்கத்துல இந்தத் துறைக்குப் பேரு வச்சார். கூடவே ஒரு விஷயத்தையும் வலியுறுத்தினார்: கம்பி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, சிகிச்சைக்கு முன்னாலயும் பின்னாலயும் நோயாளியைப் பார்த்துக்கிற பயிற்சியும் வேணும். அதைப் பெருசா யாரும் காதுல வாங்கலை.

விளைவு? ஆன்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் என்ற டாக்டர் டாட்டரின் யோசனையை எடுத்து, பலூன் வச்ச குழாயைச் செஞ்சு, 1977 செப்டம்பர்ல ஜூரிக்ல முதல்முறையா இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்தார். இதய நோயாளிகள் ஏற்கெனவே கார்டியாலஜிஸ்ட்டோட ஓபிலதான் உட்கார்ந்திருந்தாங்க. ரேடியாலஜிஸ்ட் ஆரம்பிச்ச வித்தையோட இந்தப் பகுதி அவங்ககிட்ட போயிடுச்சு.

நம்ம சென்னைக்கும் அது அந்த வழியாத்தான் வந்தது. இங்க எக்ஸ்ரேவுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்ட் ரேடியாலஜி இன்ஸ்டிடியூட் 1934லயே வந்தாச்சு. ஆனா இந்தியாவில் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியை 1986ல சென்னை அப்போலோவில் செஞ்சவர் மேத்யூ சாமுவேல் கலரிக்கல். அவர் கார்டியாலஜிஸ்ட். கத்துக்கிட்டது அமெரிக்கா போய், க்ருன்ட்சிக்கிட்டயே. அப்போ இதுக்கெல்லாம் இங்க சீட், சிலபஸ், பரீட்சை எதுவும் இல்லை. குருவைத் தேடிக் கடல் கடந்து போகணும், பக்கத்துல நின்னு பார்க்கணும், திரும்பி வந்து அடுத்தவங்களுக்குச் சொல்லித் தரணும்.

மார்குலிஸ் சொன்னது நடைமுறைக்கு வர 45 வருஷம் ஆச்சு. 2012லதான் அமெரிக்காவில் இது தனி முதன்மைத் துறையா அங்கீகாரம் வாங்கிச்சு. அதுக்கப்புறம் வந்த ரெசிடென்சியில வார்டு, ஐசியூ, ஓபி எல்லாம் பயிற்சிக்குள்ள வந்தது.

இந்தியாவில் பாதை நீளம். இன்டர்ன்ஷிப் சேர்த்து எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், ரேடியாலஜி எம்டி 3 வருஷம், நீட் எஸ்எஸ் எழுதி டிஎம் அல்லது டிஆர்என்பி இன்னொரு 3 வருஷம். பதினொன்றரை வருஷம், எங்கேயும் சறுக்காம இருந்தா. மூளை ரத்தக்குழாய்க்குன்னு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரையில் தனி டிஎம்மே இருக்கு. அந்த மூணு வருஷத்துல நடக்கிறது பெரும்பாலும் பழைய குருகுலம்தான். ஈய ஏப்ரன் மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா நிக்கிறது, கம்பி எங்க தடுக்குதுன்னு விரல் நுனியில உணர்றது, எந்தக் கேஸ்ல நிறுத்திக்கணும்னு சீனியர் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது. புத்தகத்துல இது வராது.

சரி, இதுக்கும் மணவாள நகருக்கும் என்ன? பக்கத்துல காக்களூர் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். மெஷின்ல இடுப்பு நசுங்கி உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டுறவருக்கு, அந்தக் குழாயைத் தேடி அடைக்கிற ஆள் வேணும். திடீர்னு கால் ரத்தக்குழாய் அடைச்சவருக்குச் சுமார் ஆறு மணி நேரம்தான் கெடு. சர்க்கரை நோய்ல கால் விரல் கறுத்துப் போனவங்க இங்க எத்தனை வீட்டுல! போர்ட்லாண்ட் மூதாட்டியோட அதே பிரச்சினை. சென்னை 40 கிலோமீட்டர்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க போய்ச் சேர்ந்தாலும் செய்ய ஆள் முழிச்சிருக்கணும்.

2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அது பெரிய விஷயம். கேத் லேப் மெஷினை டெண்டர் விட்டு வாங்கிடலாம். ஆனா அதை ஓட்டுறவர் பதினொன்றரை வருஷம் கழிச்சுத்தான் வருவார். அதுவும் ஒரே ஒருத்தர் வந்தாப் பத்தாது. 365 ராத்திரியும் டியூட்டி போடணும்னா குறைஞ்சது மூணு, நாலு பேர் வேணும், கூடவே டெக்னீஷியன், நர்ஸ். அதுல பாதி ஆள் இருந்தாலும், ஞாயித்துக்கிழமை ராத்திரி வர்ற கேஸை ஆம்புலன்ஸ்ல ஏத்திச் சென்னைக்குத்தான் அனுப்பணும்.