கண்டேவாலா: சாந்தினி சௌக்கின் மிட்டாய்க் கடை

கண்டேவாலா, பழைய தில்லியின் சாந்தினி சௌக்கில் 1790 முதல் 2015 வரை ஒரே குடும்பத்தார் கையில் இருந்த இனிப்புக் கடை. ராஜஸ்தானின் ஆமேரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த லாலா சுக் லால் ஜெயின் இதைத் தொடங்கினார். மூடப்பட்டபோது நிர்வாகம் எட்டாம் தலைமுறையிடம் இருந்தது. 2015 ஜூலையில் கடையைப் பூட்டியபோது நாளேடுகள் முக்கியமாக இரண்டு காரணங்களை எழுதின: மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுடனும் உரிமத்துடனும் இருந்த சிக்கல், சரிந்துபோன விற்பனை. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. வாங்குகிற சனம் யமுனையைக் கடந்து மயூர் விஹாருக்கும் பட்பர்கஞ்சுக்கும் குடிபோய்விட்டது. கடை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பரம்பரை இனிப்புக் கடையின் ஆயுளைக் கைப்பக்குவம் பாதிதான் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் இடம் மாறும்போது கடை என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி.

கடை தொடங்கியதாகச் சொல்லப்படும் 1790, தில்லிக்கு நல்ல காலம் அல்ல. இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் ரோகில்லாத் தலைவன் குலாம் காதிர் செங்கோட்டைக்குள் புகுந்து முகலாயப் பாதுஷா இரண்டாம் ஷா ஆலமின் கண்களைப் பறித்திருந்தான். பாதுஷா பெயருக்குத்தான் பாதுஷா. காவல் மராட்டியர் கையில். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருவர் ஆமேரை விட்டு வந்து மிட்டாய் விற்கிறார் என்றால், கெட்டுப்போன அரசவைக்கும் திருநாள் உண்டு, அதைச் சுற்றியுள்ள வணிகருக்குக் கல்யாணம் உண்டு என்ற கணக்குத்தான். 'கண்டா' என்றால் இந்தியில் மணி. பெயர்க் காரணமாகப் பல கதைகள் உலவுகின்றன. அரச யானை கடை வாசலில் நின்று கழுத்து மணியை ஆட்டும் என்பது ஒன்று. சுக் லால் தலையில் தாம்பாளத்தைச் சுமந்து மணியடித்துத் தெருத்தெருவாக விற்றார் என்பது இன்னொன்று. பக்கத்தில் இருந்த மணிக்கூண்டால் பெயர் வந்தது என்பவர்களும் உண்டு. அது நிற்காது. மணிக்கூண்டு 1857 கலகத்துக்குப் பிறகு எழுந்தது. கடையின் பெயரோ 1857 ஆகஸ்டிலேயே 'தில்லி உருது அக்பார்' ஏட்டில் அச்சாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த சிப்பாய்கள் சாந்தினி சௌக்கைச் சுற்றி, ஜும்மா மசூதியைப் பார்த்து, கண்டேவாலாவின் இனிப்பைத் தின்றதும் சண்டை போடும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள் என்று அந்த ஏடு நொந்துகொண்டது. கடையின் புகழுக்கு, குடும்பத்தார் சொல்லாத, எதிர்க்குரலில் அமைந்த சாட்சி இது. யானைக் கதையைவிட இதற்கு மதிப்பு அதிகம். கடைசிப் பாதுஷா பகதூர் ஷா ஜஃபரை 1858இல் ரங்கூனுக்கு அனுப்பிய பிறகும் கடை பிழைத்தது. வணிகர் வீடுகள் அருகிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது.

கடையில் பிஸ்தா பர்பி, மோத்திச்சூர் லட்டு எல்லாம் இருந்தாலும் பெயர் வாங்கித் தந்தது சோஹன் அல்வா. முளைகட்டி உலர்த்தி அரைத்த கோதுமை மாவைப் பாலிலும் சர்க்கரையிலும் கரைத்து, நெய்யை அவ்வப்போது ஊற்றி மணிக்கணக்கில் கிளற வேண்டும். நெய் பிரியும் பதம் நம் திருநெல்வேலி அல்வாவுக்கும் உண்டு. அங்கே கிளறுவது நின்றுவிடும், இங்கே நிற்காது. நிறம் கருஞ்சிவப்பாகி, பாகு இறுகி, கரண்டியை இழுக்கவே தோள் வலிக்கும் கட்டத்தில் இறக்கி, வட்டமாகத் தட்டி, மேலே பாதாமையும் பிஸ்தாவையும் அழுத்துவார்கள். ஆறியதும் பல்லில் படக்கென்று உடையும். ஈரம் அற்றுப்போவதால் வாரக்கணக்கில் கெடாது. தூரத்துக்கு அனுப்ப இதைவிடத் தோதான பலகாரம் வேறில்லை. அப்படிப்பட்ட சரக்கைக் கையில் வைத்திருந்த கடைதான் யமுனைக்கு அக்கரையில் ஒரு கிளைகூட வைக்கவில்லை.

அக்கரை எவ்வளவு பெரிதாயிற்று என்பதைக் குடிமதிப்புக் கணக்கு சொல்லும். 1951இல் தில்லியின் மக்கள்தொகை 17 லட்சத்துச் சொச்சம். 2011இல் 1 கோடியே 68 லட்சம். இந்தப் பெருக்கம் பழைய நகரின் மதிலுக்கு உள்ளே நிகழவில்லை. பழைய தில்லியில் வீடுகள் கிடங்குகளாகவும் மொத்த வியாபாரக் கடைகளாகவும் மாற, குடும்பங்கள் வெளியேறின. முதலில் அகதிகளின் குடியிருப்புகள், பிறகு தெற்குத் தில்லி, 1980களில் யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹார். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்ககங்களும் கூட்டுறவுச் சங்கக் குடியிருப்புகளும் வரிசையாக எழுந்தன; அரசு ஊழியர், பத்திரிகையாளர், தமிழ், மலையாளக் குடும்பங்கள் என்று நடுத்தர வர்க்கம் முழுவதும் வந்திறங்கியது. உத்தர குருவாயூரப்பன் கோயிலைச் சுற்றிக் கடைவீதி வளர்ந்தது. தீபாவளிக்குக் கிலோக் கணக்கில் இனிப்புப் பெட்டி வாங்கி அலுவலகத்துக்கும் உறவுக்கும் கொடுக்கிறவர்கள் இவர்கள்தான். இந்த மாற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். பீகானேரைச் சேர்ந்த கேதார்நாத் அகர்வால் 1950இல் தில்லிக்கு வந்து, வாளியில் ரசகுல்லாவையும் புஜியாவையும் வைத்துப் பழைய தில்லித் தெருக்களில் விற்றுத் தொடங்கியதுதான் பீகானேர்வாலா. அதே பீகானேரில் 1937இல் பிறந்த ஹல்திராம் 1980களில் சாந்தினி சௌக்குக்கு வந்தது. இரண்டு குடும்பங்களும் அந்தத் தெருவைப் படிக்கட்டாக மட்டும் வைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குள் இறங்கின.

ஜப்பானில் கண்டேவாலாவுக்கு எதிர்ப்பக்க உதாரணம் டோராயா. குரோகாவா குடும்பத்தின் இக்கடை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் பிறந்தது; கோ-யோசெய் பேரரசர் காலம் (1586–1611) முதல் அரண்மனைக்கு இனிப்பு அனுப்பியது. சிவப்புப் பயற்று விழுதும் கடற்பாசியும் சர்க்கரையும் சேர்த்து இறுக்கிய யோகான் கட்டிகள் அதன் அடையாளம். 1869இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தபோது டோராயாவும் கியோட்டோக் கடையை வைத்துக்கொண்டே டோக்கியோவில் கடை திறந்தது. 1980இல் பாரிஸிலும் ஒன்று. கண்டேவாலாவின் பேரரசர் போன இடம் ரங்கூன் சிறைவாசம். அவரைப் பின்தொடர்ந்து எந்தக் கடையும் போயிருக்க முடியாது. இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிடுவது நியாயமல்ல. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கண்டேவாலாவின் வாடிக்கையாளர் போனது சில கிலோமீட்டர் தூரம்தான். இன்னொரு பொருத்தம்: டோராயாவின் டோக்கியோ அகாசாக்கா கடையும் 2015இல்தான் மூடப்பட்டது. கட்டடத்தைப் புதிதாகக் கட்டி 2018இல் திறந்தார்கள். ஒரே ஆண்டில் பூட்டிய இரண்டு கடைகளில் ஒன்று திறக்கும் தேதியை மனதில் வைத்துப் பூட்டியது.

மாசுச் சட்டம்தான் கடையைக் கொன்றது என்று வாதிடுவோர் உண்டு. நெருக்கமான பழைய கட்டடத்தில் பெரிய அடுப்பு எரிக்க முடியாது என்றாகிவிட்டது உண்மை. 1996 முதலே உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தும் ஆலைகளைத் தில்லியிலிருந்து வெளியேற்றத் தொடங்கியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது இருபது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். செய்கூடத்தை நகருக்கு வெளியே கொண்டுபோய், விற்பனையை மட்டும் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். டோராயா ஃபூஜி மலையடிவாரத்தில் கோத்தெம்பாவில் ஆலை வைத்து டோக்கியோவில் விற்கிறது. யாரும் அதைப் பழமை கெட்டுவிட்டதாகச் சொல்வதில்லை. ஒரே கடைக்குச் சரக்குப் போட வெளியே கூடம் கட்டுவது கட்டுப்படியாகாது என்பதே இங்கே தடை. பத்துக் கிளை இருந்திருந்தால் கட்டுப்படியாகியிருக்கும். புகை வழக்கு, கிளை இல்லாததன் விளைவைப் பெரிதாக்கியது; அவ்வளவே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திருநெல்வேலியின் இருட்டுக்கடை அல்வாக் கடை கிளை பரப்பியா பிழைத்தது? கியோட்டோவில் இமாமியா கோயிலருகே, ஆயிரமாம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் இச்சிவா கடை, சுட்ட மோச்சி உருண்டை ஒன்றையே இன்றும் விற்கிறதே? சரிதான். ஆனால் அந்தக் கடைகளின் எதிரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு நெல்லையப்பர் கோயில், மற்றொன்றுக்கு இமாமியா. பக்தரும் பயணியும் எந்த ஊரில் குடியிருந்தாலும் அந்த வாசலுக்கு வந்தே தீருவார்கள். கைக்கு எட்டியதை வாங்கிப் போவார்கள். சாந்தினி சௌக்கிலும் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பெரும்பாலும் துணியும் மின்சாரச் சாமானும் மொத்தமாக எடுக்க வரும் கூட்டம். கண்டேவாலாவின் வருமானத்துக்கு வேண்டியது கல்யாண ஆர்டரும் தீபாவளிப் பெட்டியும். மெட்ரோ வந்ததே என்று கேட்கலாம். சாந்தினி சௌக்குக்கு 2005இல், மயூர் விஹாருக்கு 2009இல் வந்தது. ராஜீவ் சௌக் நெரிசலில் வண்டி மாறி, பத்துக் கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப யாருக்குத் தெம்பு இருக்கிறது? பரம்பரைக் கடைகள் விழுவதற்குக் குடும்பப் பிளவைக் காரணமாகச் சொல்வதும் போதாது. ஹல்திராம் குடும்பம் பிரிந்து, பெயருக்காக நீதிமன்றப் படியேறி, அப்படியும் ஒவ்வொரு கிளையும் தனித்தனியே பெருத்தது.

கிளை பரப்பினால் பக்குவம் கெடும் என்ற அச்சத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. இன்று நகரெங்கும் கிடைக்கும் பெட்டி இனிப்புகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ருசி வித்தியாசம் தெரியவில்லை. பல வகை இனிப்பும் ஒரே தரத்தில் கிளை முழுவதும் வர வேண்டுமென்றால் அந்த அச்சம் நியாயமே. சோஹன் அல்வாவுக்கு அது பொருந்தாது. ஒரே கூடத்தில் கிளறி எங்கும் அனுப்பலாம். நேரு முதல் ராஜீவ் காந்தி வரை பிரதமர்கள் சுவைத்ததாகச் சொல்லப்படும் கடை, ஒரு தகரப்பெட்டியும் முகவரிச் சீட்டும் போதும் என்ற இடத்தில் தயங்கி நின்றது.

2024 தீபாவளியை ஒட்டிக் கண்டேவாலா அதே குடும்பப் பெயரில், அதே சாந்தினி சௌக்கில் மீண்டும் திறந்தது. மரியாதைக்கு அந்த இடம் சரி. வியாபாரத்துக்கு அது மட்டும் போதாது. அடுத்த கடையை யமுனைக்குக் கிழக்கே திறப்பதே புத்திசாலித்தனம்.