மிதிப்பவரின் வரலாறு: மன்னாரை முன்னிறுத்திய சில எண்ணங்கள்

துவிச்சக்கர வண்டியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1817 இல் ஜெர்மனியரான கார்ல் வொன் டிறைஸ், காலால் நிலத்தை உந்திச் செல்லும் மிதிகட்டையற்ற மரவண்டியொன்றைச் செலுத்திக் காட்டினார். 1860களில் பிரான்சிலே முன்சில்லில் மிதிகட்டை பூட்டப்பட்டது. 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி, சங்கிலியாற் பின்சில்லைச் சுழற்றும் 'றோவர்' வண்டியை அமைத்தார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரின் மிருகவைத்தியர் டன்லொப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த இறப்பர் ரயரைப் பொருத்தினார். இவ்வரிசையை நாம் யாவரும் எங்கேனும் படித்திருப்போம். ஆயின் அவ்வண்டிகளில் முதன்முதல் ஏறியவர்கள் எவ்வாறு விழுந்தனர், உடலின் எப்பகுதி நொந்தது, எத்தனை நாளில் அவ்வுடல் வண்டிக்கு இசைந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. மன்னார்த் தீவிற் பிறந்தும், இருபதாவது வயதிலேதான் நெடுந்தூரம் மிதிக்கப் பழகியவன் என்ற முறையில், எனக்கு அவ்வினாக்களே முதன்மையானவையாகத் தோன்றுகின்றன.

அவற்றிற்கு விடை தேடின் முதலில் நம் கண்முன் நிற்பவர் அமெரிக்கப் பெண்மணியான பிரான்சிஸ் வில்லார்ட். மதுவிலக்கு இயக்கத்தின் தலைவியாக விளங்கிய அவர் தமது 53 ஆவது வயதில் வண்டி ஓடப் பழகி, அவ்வனுபவத்தை 1895 இல் நூலாகவும் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து நிமிடம், மூன்று மாதம் என்பதே அவர் தரும் கணக்கு. மிதித்தல், திரும்புதல், இறங்குதல், ஏறுதல் ஆகிய நான்கையும் அவர் இக்காலத்துட் கற்றார். அக்காலத்து மருத்துவர் சிலரோ, வண்டி ஓடும் பெண்களின் முகம் நிலையாகக் கோணிவிடும் என அஞ்சி, அதற்கு 'துவிச்சக்கர வண்டி முகம்' என ஒரு நோய்ப்பெயரும் சூட்டியிருந்தனர்! வில்லார்ட்டின் பதினைந்து நிமிடக் கணக்கு அம்மருத்துவரின் எச்சரிக்கையிலும் உண்மைக்கு அண்மையது என்பதைப் பின்னர் காண்போம்.

நோவு புதிய கண்டுபிடிப்புகளுக்கும் வழிகோலிற்று. 1860களின் வண்டியை ஆங்கிலேயர் 'எலும்புலுக்கி' என்று அழைத்தது கேலியன்று, உள்ளதை உள்ளவாறு கூறியதேயாம். பேர்மிங்ஹாம் நகரின் தோல் வணிகர் புறூக்ஸ், தமது குதிரை இறந்தபின் வண்டியேறி, அதன் கடினமான இருக்கையால் வருந்தி, இழுத்துக் கட்டிய தோலிருக்கைக்கு 1882 இல் உரிமம் பெற்றார். அத்தோல் நாளடைவில் அமர்பவரின் உடலுக்கேற்ப வளைந்து கொடுக்கும். டன்லொப்பின் ரயரோ நம் நாட்டையே மாற்றிய பொருள்களுள் ஒன்று. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளுக்குப் பின்னாளிற் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டவை சைக்கிளும் மோட்டார் வண்டியுமே.

இனி மன்னாருக்கு வருவோம். தீவு தரைமட்டமானது, மேடென்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மலைநாட்டார் இதனைக் கேட்டு, அங்கே மிதிப்பதற்கு என்ன வருத்தம் என்பர். மேடில்லாத ஊரில் இறக்கமும் இல்லை என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். கண்டியில் ஏறியவன் இறங்கும்போது இளைப்பாறலாம். மன்னாரில் மிதித்தாலன்றி வண்டி நகராது. மேட்டின் இடத்தை அங்கே காற்று பிடித்துக்கொள்கின்றது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகத்தின் வலிமையை அறிய விரும்புவோர், தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' மின்னிலையத்தின் முப்பது காற்றாலைகளை நோக்குக. தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடப்பதால், தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் வீதியிற் செல்பவனைப் பக்கவாட்டிலேயே தாக்குகின்றன. எதிர்க்காற்று கால்களை மட்டுமே வருத்தும். பக்கக்காற்று சமநிலையையும் குலைக்கும். நகரையும் பெருநிலத்தையும் இணைக்கும் கடல்வழித் தாம்போதியில் இதனை நன்கு உணரலாம். போதாக்குறைக்கு வீதியின் நடுவே அசையாது நிற்கும் மன்னார்க் கழுதைகள். மணியொலிக்கு அவை விலகியதை நான் கண்டதில்லை.

இத்தகைய நிலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் மிதிக்கக் கற்றது உடற்பயிற்சி வேண்டியன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது, 1930 இல் அமைந்த மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வீட்டையும் உடைமைகளையும் கைவிட்டுக் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதிகளுக்கு எரிபொருட் தடை விதிக்கப்பட்டதும், பெருநிலத்துக் கிராமங்களில் துவிச்சக்கர வண்டியே பேருந்தும் லொறியும் நோயாளர் வண்டியுமாயிற்று. விறகும் நெல்மூட்டையும் கரியரில் ஏறின. மின்சாரமற்ற இரவுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலி கேட்ட கதையை வடபுலத்து முதியோர் எவரும் கூறுவர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவயதிற் பெரியவர்களின் வண்டியிலே பாருக்குக் கீழாற் காலை விட்டுப் பழகியவர்கள். அவர்களுடைய உடலுறுதி தேவை தந்த உறுதி. அதனைப் புகழும்போது அத்தேவையின் கொடுமையையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும்.

அதே ஆண்டுகளிற் பாக்குநீரிணையின் மறுகரையில், புதுக்கோட்டை மாவட்டத்தில், முற்றிலும் வேறான முறையில் ஒரு பெருங்கூட்டம் மிதிக்கக் கற்றது. 1991 இல் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓடுதலையும் பெண்களுக்குப் பயிற்றிற்று. விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் தொழிலாளர், கிராமத் தாதியர் என ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓடப் பழகினர். பெண்களுக்கான வண்டி போதாமையால் ஆண்களின் வண்டியையே பலர் வாங்கினர். முன்பாரிற் குழந்தையை இருத்தலாம் என்பது அதில் அவர்கள் கண்ட வசதி. ஏளனம் செய்தோர் இல்லாமலில்லை. எனினும் தனியொருத்தி விழுந்தால் அது நகைப்பு. நூறுபேர் கூடி விழுந்து எழுந்தால் அது பயிற்சி. புதிதாகப் பழகுவோர்க்குத் துணை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நானறிந்த வரையில் இல்லை.

போர் முடிந்தபின் நிலை மாறிற்று. 2010 மார்ச்சிற் புதிய பாலம் திறக்கப்பட்டது; 2015 மார்ச்சிற் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மலிந்தன. இவற்றை வேண்டாமென்பது பேதைமை. ஆனால் உடல் தான் பயன்படுத்தாததை விரைவில் மறந்துவிடும். இலண்டன் பேருந்துகளில் அமர்ந்தே இருந்த சாரதிகளைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இருதயநோய் குறைவு என மருத்துவர் ஜெறி மொறிஸ் 1953 இலேயே எடுத்துக்காட்டினார். எமது வீதிகளில் நடத்துநர் வாழ்விலிருந்து சாரதி வாழ்வுக்கு மாறிய முதல் தலைமுறை என்னுடையது.

அது எனக்குப் புலனானது 2022 இல். யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனையை அரசு நிறுத்தியபோது, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த நான் நகரில் இருந்தேன். தலைமன்னாரில் தனித்திருந்த அம்மம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டுசெல்லவேண்டும். வீட்டு மோட்டார்ச் சைக்கிளிற் பெற்றோல் இல்லை. மூலையிற் கிடந்த சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு முற்பகல் பத்து மணிக்குப் புறப்பட்டேன். பேசாலையை அடைந்தபோது, அதாவது ஏறத்தாழப் பாதிவழியில், முழங்கால் எரிந்தது, உள்ளங்கை விறைத்தது, அமர்ந்த இடத்தின் நோவைப் பற்றிக் கூறாதிருப்பதே நன்று. அங்கு மீன் வியாபாரி ஒருவரிடம் மாத்திரையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் தலைமன்னார்க்காரர், கரியரில் மீன்பெட்டியோடு என் தந்தையின் வயதில் மிதித்து வந்தவர்.

"தம்பி, சீற்றைத் தாழ்த்தி வைச்சு ஓடினா முழங்கால்தான் போகும். விடியவெள்ளன வெளிக்கிடு, காத்தெழும்ப முந்தி" என்றார் அவர்.

அவர் கூறிய இரண்டும் நூல்கள் கூறுவனவே. புதியவன் இரு பாதமும் நிலத்தைத் தொடவேண்டும் என்ற அச்சத்தால் இருக்கையைத் தாழ்த்திவிடுகின்றான். மிதிகட்டை அடியில் நிற்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும் உயரமே தக்கது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. ஆகவே காற்றோடு பொருதி வேகத்தை நிலைநிறுத்த முயல்பவன் விரைவிற் சோர்வான். வேகத்தை விட்டுக்கொடுத்து, கால்கள் இலகுவாகச் சுழலுமாறு ஓடவேண்டும். முதல் இரு வாரத்து இருக்கை நோவு இருக்கையாலன்று, பழகாத உடலாலேயே பெரிதும் விளைவது. ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது நேரம் ஓடின் அது தானே தணியும். தசையும் மூச்சும் உறுதிபெறுவது ஓடும் நாளில் மட்டுமன்று, ஓய்வு நாளிலுந்தான்.

இருக்கையை இரு விரற்கடை உயர்த்தினேன். காலை ஐந்தரை மணிக்குப் பள்ளிமுனைப் பெருக்கமரம் வரை சென்று திரும்புவதோடு தொடங்கினேன். நகருக்கு மிக அண்மையிலுள்ள அத்தூரமே முதல் வாரத்துக்குப் போதுமாயிருந்தது. அயல்வீட்டு மாணவர் இருவர் பின்னர் சேர்ந்துகொண்டனர். அவர்கள் வாயிலில் நின்று மணியடித்திராவிடின் மூன்றாம் வாரம் நான் உறங்கியிருப்பேன். பதினைந்து நிமிடம் அரைமணியாயிற்று. வாரத்தில் ஐந்து நாள் அரைமணியெனின் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு விதந்துரைக்கும் ஆகக்குறைந்த அளவு அதுவே. வில்லார்ட் அம்மையார் அறியாமலே அதன் பாதைக்கு வழிகாட்டியிருந்தார். ஓகஸ்ற் நடுப்பகுதியிற் பேசாலை சென்று திரும்பினேன். செப்ரெம்பர் இறுதியிற் சோளகம் தணியத் தொடங்கியபோது, இரண்டு மணிநேரத்தில் தலைமன்னாரை அடைந்தேன்.

அம்மம்மா வண்டியையே முதலிற் பார்த்தார். "இருந்த இடம் நோகேல்லையோ ராசா?" என்று கேட்டுவிட்டு உள்ளே சென்று, பழைய தோலிருக்கை ஒன்றை எடுத்துவந்தார். 1980களில் தலைமன்னாரிலிருந்து நகர்ச் சந்தைக்கு மீன் கொண்டுசென்ற அம்மப்பாவின் வண்டியிலிருந்து கழற்றி வைத்தது அது. புதிதாக வாங்கிய மாதத்தில் அதன்மேற் சாக்கை மடித்துக் கட்டியே அவர் ஓடினாராம். நோவு தாங்காமல் வீதியோரம் இறங்கி நின்ற நாள்களும் உண்டாம். அவரை ஒரு பெரும் மிதிகாரராக மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு அது புதிய செய்தி. இருக்கையின் நடுப்பகுதி இருபுறமும் குழிந்து வழவழத்திருந்தது. அதனை என் வண்டியிற் பொருத்தி முற்றத்தில் ஒரு சுற்று ஓடிப்பார்த்தேன். அக்குழிவுகள் எனக்குப் பொருந்தவில்லை. மறுநாள் விடியற்காலை என் பழைய இருக்கையிலேயே திரும்பினேன். பேசாலைக்கு இப்பால் ஒருமுறை மட்டும், கழுதைகளுக்காக, இறங்க நேர்ந்தது.