துவக்குப் படுக்கை (திருகோணமலைத் துறைமுகப் பகுதி)

துவக்கின் குழலும், ரவையைப் பூட்டும் இரும்புப் பகுதியும் மரக்கட்டைக்குள் எங்கெங்கே தொட்டு, எவ்வளவு இறுக்கமாக அமர்ந்திருக்கின்றன என்பதைத் துவக்கின் படுக்கை என்பர். ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் உதைக்கும். உதைத்தபின் பழைய இடத்துக்கே திரும்பி அமர வேண்டும். அமராவிட்டால் சுடுபவரின் கை எவ்வளவு நிதானமானதாக இருந்தாலும் சன்னம் விலகும். 300 மி.மீ. நீளத்தில் 0.1 மி.மீ. சாய்வு, அதாவது ஒரு தாளின் தடிப்பளவு, 300 மீட்டர் தொலைவில் 10 செ.மீ. விலகலாகிவிடும்.

மரத்துக்குத் திருகோணமலை கடினமான ஊர். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும். ஒக்டோபர் கடைசியில் காற்றுத் திரும்பி வாடை மழையைக் கொண்டுவரும். கச்சானில் இடைவெளி விட்டு ஆடும் வீட்டுக் கதவு மாரியில் நிலையோடு இறுகிக்கொள்வதை இங்கே யாரும் அறிவர். துவக்குக் கட்டையும் மரம்தான். ஈரம் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், சில வேளை முறுகும். அதற்குள் கிடக்கும் குழல் அந்த அசைவுக்கு ஏற்ப நெருக்கப்படும் அல்லது தளர்ந்துபோகும். படுக்கையின் வரலாறு முழுவதும் இந்த அசைவிலிருந்து இரும்பைக் காக்கும் முயற்சியே.

தொடக்க காலத்தில் இந்தக் கவலை எழவில்லை. போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டு கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். அந்தக் காலத்து ஆங்கிலேய மஸ்கெட்டுகளில் குழலைக் கட்டையோடு பிணைத்தவை குறுக்கே செருகிய சிறு ஆணிகள். குழலின் உட்புறம் வழுவழுப்பானது, குண்டும் தளர்வாகவே ஓடும். நூறு மீட்டரில் ஓராளைக் குறிவைத்து அடிப்பதே அரிது என்றிருக்கையில், கட்டையின் பொருத்தத்தை யார் பார்ப்பார்? குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய பின்தான் கட்டையின் குறை வெளியே தெரிந்தது. 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்ட் துவக்கில் ஆணிகள் போய் மூன்று இரும்பு வளையங்கள் வந்தன.

இத்துறைமுகத்தில் நீண்ட காலம் புழங்கிய துவக்கு லீ-என்ஃபீல்ட். 1907இல் வந்த அதன் மூன்றாம் வகை, வாய்வரை மரம் போர்த்தியது. உதைப்பு முழுவதையும் முன்கட்டையின் பின்கோடியிலுள்ள இரண்டு சிறிய மர முகங்களே தாங்குகின்றன. ஒவ்வொன்றும் விரல்நக அளவுதான். அவை தேய்ந்தாலோ நசுங்கினாலோ இரும்பு கட்டைக்குள் நகரத் தொடங்கும். பிறகு கட்டையே பிளக்கலாம். இந்தத் துவக்கின் குறிபிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டு முகங்களில் பிறந்தது என்றே சொல்லலாம்.

படுக்கையைச் சரிபார்ப்பது பொறுமையான கைவேலை. இரும்பின் அடிப்பக்கத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசுவார்கள். கட்டையில் வைத்து அழுத்தி, நேராகத் தூக்குவார்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம்தான் முட்டுகிற மேடு. அதை உளியால் முடியளவு சுரண்டிவிட்டு மறுபடி வைப்பார்கள். இரண்டு பக்கத்து முகங்களிலும் கறுப்பு ஒரே சீராகப் படியும்வரை இதே வேலை. ஒரு பக்கம் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் மெல்லிய மரத்துண்டை ஒட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்காம் இலக்க லீ-என்ஃபீல்டில், கட்டையின் நுனி குழலை மேல்நோக்கி 2 முதல் 7 இறாத்தல் வரையான விசையோடு தாங்க வேண்டும் என்பது விதி. வில் தராசை மாட்டி இழுத்து இதை அளந்தார்கள். மாரியில் சரியாயிருந்த அளவு கச்சானிலும் அப்படியே நிற்குமென்று நம்ப முடியாது.

ஈரம் புகாதிருக்கக் கட்டையை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தனர். பிற இடங்களில் வேறு வழிகளும் கண்டனர். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, மென்மையான உள்ளூர் மரத்தின் முகங்களில் செப்புத் தகடு பதித்தது. கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலை, கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டது. வெளியிலிருந்து தெரியும் அந்தத் திருகாணித் தலையைக் கொண்டே இஷாப்பூர்க் கட்டையை இன்றும் அடையாளம் காண்கிறார்கள்.

ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கின. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம், நன்றாகச் சுட்ட நான்காம் இலக்கத் துவக்குகளைப் பொறுக்கியெடுத்து, படுக்கையைத் திருத்தி, தொலைநோக்கி பூட்டித் தரத் தொடங்கியது. இப்படி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை உருவாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எபொக்சி பசை வந்தது. கட்டைக்குள் சில மில்லிமீட்டர் மரத்தைத் தோண்டி, இரும்பில் ஒட்டாதிருக்க மெழுகு தடவி, பசையை நிரப்பி இரும்பை அதில் அமர்த்துவார்கள். இறுகியதும் இரும்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். இரும்பின் அடியில் உதைப்பைத் தாங்கும் கட்டியின் பின்முகம் மட்டும் பசையை இறுகத் தொடும். முன்னும் பக்கமும் அடியும் சிறிது இடைவெளி விடுவர். திருகாணிகள் மரத்தை நசுக்காதிருக்க அவற்றைச் சுற்றி அலுமினியக் குழாய்த் துண்டுகள் நிறுத்தப்பட்டன. குழலோ எதையும் தொடாமல் மிதக்கும். அடியில் ஒரு தாள் தடையின்றி ஓடினால் சரி. நுனியில் தாங்கிப் பிடிக்கும் பழைய முறைக்கு இது நேர் எதிர். 1980களில் மல்கம் கூப்பரின் அக்யுரசி இன்டர்நேஷனல், பிரித்தானியப் படைக்குச் செய்த துவக்கில் மரத்தையே விலக்கி அலுமினியச் சட்டத்தில் இரும்பைப் பூட்டியது. கூப்பர் 1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற சுடுநர். தாளளவு அசைவின் விலையைக் கையால் அறிந்தவர்.

பிரித்தானியர் 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1971 கிளர்ச்சிக்குப் பின் இலங்கைப் படைகளில் லீ-என்ஃபீல்டின் இடத்தைத் தானியங்கித் துவக்குகள் பிடித்தன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இம்மாவட்ட மக்கள் சோதனைச் சாவடி தோறும் கண்டு அஞ்சிய ரி-56 துவக்கில் குழல் இரும்பு உடலோடு நேரே பிணைந்திருக்கிறது. அதில் மரம் வெறும் பிடிதான். சுரண்டிப் பொருத்த அங்கே எதுவுமில்லை.

இதே அக்கறையைப் பெரிய அளவில் பார்க்க ஒஸ்ரன்பேர்க் மேட்டிலுள்ள ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். துறைமுக வாயிலைக் காத்த கரையோரப் பீரங்கி அங்கே கொங்கிரீட் மேடையில் அமர்ந்திருக்கிறது. காற்றுத் திரும்பினாலும் ஊதிச் சுருங்காத படுக்கை அது.